விண்ணில் ஒலித்த பழைய இசை

வருங்காலத்தைக் காட்டும் படத்திற்குப் பழைய இசை பொருந்துமோ? 1968இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வினாவிற்கு விடை பகரும்.

அதில் சக்கரம் போன்ற விண்வெளி நிலையம் ஒன்று மெல்லச் சுழல்கின்றது. அதனை நாடி வரும் விண்கலமும் உடன் சுழல்கின்றது. காற்றில்லா வெளியில் ஓசை பரவாதன்றோ? ஆங்கே பொறியின் இரைச்சல் இல்லை. யோகான் ஸ்ட்ராஸ் இயற்றி, 1867இல் வியன்னாவில் அரங்கேறிய ‘நீல டான்யூப்’ என்னும் இசையே ஒலிக்கின்றது. இணைந்து சுழன்றாடுவோர்க்கு உரிய அந்நடன இசையை விண்கலத்தின் சுழற்சிக்குப் பொருத்தியவர் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்.

இப்படத்திற்கென அலெக்ஸ் நார்த் புதிதாக எழுதிய இசை கைவிடப்பட்டது. அவர் மறைந்தபின், 1993இல் அது தனியே பதிவு செய்யப்பெற்று வெளிவந்தது. பழமை புதிய இடத்தில் பொலிதல் கண்டு மகிழும் நாம், அதன்பொருட்டு ஒதுக்கப்பட்ட உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.