பூட்டு உடைந்த வீடும் பக்கத்துக் கோலியும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், கோயில் கொடையும் இரண்டு கல்யாணமும் முடித்து, முறுக்கும் கருப்பட்டியும் மூட்டை கட்டிக்கொண்டு மும்பை திரும்புகிறது ஒரு குடும்பம். சால் படியேறி வந்து பார்த்தால் கொண்டி நெம்பப்பட்டிருக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. சீட்டுப் போட்டு மகளுக்கென்று வாங்கிய சங்கிலி போயே போய்விட்டது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் இது புதிய கதையல்ல.

ஊராக இருந்தால் மாமன் மச்சான் ஓடி வருவார்கள். இங்கே முதலில் வருகிறவர் பக்கத்துக் கோலி மராத்தி அம்மாள்தான். டீயைக் கையில் கொடுக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சப்பாத்தியும் பாஜியும் போடுகிறார். குழாயில் தண்ணீர் நின்றுவிடுமே என்று யாரோ குடங்களை நிரப்பி வைக்கிறார்கள். கதவில்லாத வீட்டில் தூக்கம் வருமா? இரவு வராந்தாவில் இரண்டு பையன்கள் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா?" ஊருக்குப் போகும்போது மாற்றுச் சாவி யாரிடம் இருந்தது? அதே அம்மாளிடம். பூட்டைத் திறக்கவில்லை, கொண்டியை நெம்பியிருக்கிறார்கள் என்பது கண்ணால் பார்த்த விஷயம். ஆனாலும் பொருளைப் பறிகொடுத்த மனசு எதையும் சொல்லத் துணியும். அந்த நிமிஷத்தில் வாய் தவறினால் சங்கிலியோடு சிநேகமும் போய்விடும்.

அடுத்தது பஞ்சநாமா. உடைந்த கதவையும் கலைந்த பீரோவையும் போலீசார் பார்த்து எழுதும்போது, குடும்பத்தைச் சேராத இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தோடு காரியம் முடிவதில்லை. திருடன் பிடிபட்டு வழக்கு நடந்தால், வருஷங்கள் கழித்தும் கோர்ட்டிலிருந்து சம்மன் வரலாம்; ஒரு நாள் கூலி போகும்; எதிர்தரப்பு வக்கீலின் குறுக்குக் கேள்விக்கும் நிற்க வேண்டும். பலர் நழுவிவிடுவதைக் குற்றம் சொல்ல முடியாது. அதெல்லாம் தெரிந்தே எதிர்க் கோலி வாட்ச்மேன் முன்வந்து கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவர் கொடுப்பது டீயைவிடப் பெரியது. மராத்தியில் எழுதியதைக் குடும்பத்துக்கு இந்தியில் விளக்கிச் சொல்பவரும் அவரேதான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, புகாரை எழுதியபின் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். "எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. நகை கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படம் எடுத்து, பஞ்சநாமா எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதற்கு மனுப் போடுகையில் கடை ரசீது கையில் இருந்தால் நல்லது. ரசீதைப் பீரோவிலேயே வைப்பவர்கள்தான் அதிகம்!

மறு வருஷம் மே மாதம் வருகிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நகை இந்தத் தடவை பாங்க் லாக்கரில். புதுப் பூட்டின் இரண்டாவது சாவி மட்டும் பழைய இடத்தில், அந்த அம்மாள் வீட்டுச் சுவர் ஆணியில் தொங்குகிறது.