மார்பு வலி: பொறுத்த காலமும் ஊசிக் காலமும்

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு நட்டு வளர்ந்த பெண்களுக்கு இந்த வலி புதிதல்ல. விலக்காவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே இரண்டு மார்பும் கனக்கும். ரவிக்கை உரசினாலும் நோகும், அக்குள்வரை இழுக்கும். குனிந்து நாற்று நடுகிற நாளில் இன்னும் கூடும். விலக்கானதும் வடிந்துவிடும், அடுத்த மாதம் மறுபடி வரும்.

அன்று இதற்கு வைத்தியம் என்று யாரும் தேடவில்லை. மாமியாரிடம் சொன்னால், "எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா" என்ற பதிலோடு முடிந்துபோகும். மிஞ்சினால் உப்பு ஒத்தடம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டினால் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தென்னிந்திய வழக்கம். 1988-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பால் சுரப்பை அடக்குவதில் அந்தப் பூவை புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு, அது பயன் தருவதை உறுதிசெய்தது. பால் கட்டுக்குப் பூ வைத்துக் கட்டியவர்கள்கூட, மாதாமாதம் வரும் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மருத்துவம் எட்டாத சீமையும் இல்லை இது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இலேயே புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மர் அதன் வழி வந்ததே. ஆனால் ஆண் மருத்துவர் முன்னால் மார்பு வலி என்று சொல்லக் கூச்சம் விடவில்லை.

இன்று அந்தப் பெண்களின் மகள்கள் சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். வில்லியனூர்ப் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகளே வந்துவிட்டன. கூச்சம் குறைந்த இடத்தில் இப்போது பயம் உட்கார்ந்திருக்கிறது. "கட்டியா இருக்குமோ?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. மாதச் சுழற்சியோடு வந்து போகும் வலி ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது; அது மட்டுமே புற்றுநோயின் அடையாளமாவது மிக அரிது. பரிசோதித்த மருத்துவர் இதை எடுத்துச் சொன்னாலே பல பெண்களுக்குப் பாதி வலி குறைந்துவிடுகிறது.

இதற்கிடையில் அக்குபஞ்சரும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சீனாவில் கற்ற டாக்டர் பி.கே.பாசு 1959-இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்த முறை அது. 2019-இல் மத்திய அரசு அதைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. மார்பு வலிக்கு மணிக்கட்டின் உட்புறம், நடு மார்பெலும்பு, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பள்ளம் போன்ற இடங்களில் ஊசி வைக்கிறார்கள். உடலே சுரக்கும் எண்டார்பின் போன்ற வலியடக்கிகளை ஊசி தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் பரவியிருக்கும் இன்னொரு வகையில் ஊசியே கிடையாது. விரலால் தொடுவதோடு சரி.

பலன் உண்டா? சில பெண்களுக்கு வலி குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. தானாக வடியப்போகும் வலிக்கு முந்தின நாள் குத்திய ஊசியும் நல்ல பெயர் வாங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. வலி வரும் நாளையும் விடும் நாளையும் மூன்று மாதம் காலண்டரில் குறித்துப் பார்த்தால் உண்மை புலப்படும்.

மருத்துவமனையில் கிடைக்கும் வழிகளும் எளியவைதான். அளவு சரியாக இருந்து மார்பைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை முதல் வைத்தியம். அடுத்தது டைக்குளோபினாக் களிம்பு. அதற்கும் அடங்காவிட்டால், லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்து, கருத்தடைக்காக 'சஹேலி' என்ற பெயரில் வந்த ஆர்மெலாக்சிபின் மாத்திரையை இந்திய மருத்துவர்கள் இந்த வலிக்கும் தருகிறார்கள். அதை மருத்துவர் சொல்லாமல் வாங்கி விழுங்கக் கூடாது.

ஆகவே ஊசி வேண்டாம் என்பதல்ல என் வாதம். வரிசை மாறக் கூடாது என்பதே. முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு விருப்பமிருந்தால் அக்குபஞ்சர். முறையாகப் படித்தவரிடம் மட்டும் போங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மார்புக் கூட்டில் ஆழமாக இறங்கும் ஊசி நுரையீரலைக் குத்திவிடக்கூடும். விலக்கோடு சம்பந்தமில்லாமல் ஒரே இடத்தில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோலில் குழிவு, இவற்றில் எது இருந்தாலும் எந்த ஊசிக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பெறுங்கள்; அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள்.