திறந்தால் கீபோர்டு, நிறைந்தால் தலைவலி!

ரூ.30 ஆயிரம் கொடுத்து நோக்கியா என்-97 வாங்கியவர்கள் பட்ட பாடு

சட்டைப்பையில் இருந்து எடுக்கும்போது அது சாதாரண செல்போன். கட்டை விரலால் ஓரத்தைத் தள்ளினால் "டக்" என்று ஒரு சத்தம். கண்ணாடித் திரை நகர்ந்து சாய்ந்து நிற்கும். அடியில் மூன்று வரிசை எழுத்துப் பொத்தான்கள்! உள்ளங்கையில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் முளைத்தது போல இருக்கும்.

2009-ம் ஆண்டில் இந்த "டக்" சத்தத்துக்காகவே ரூ.30 ஆயிரத்துக்கு மேல் எண்ணி வைத்தவர்கள் உண்டு. அன்றைக்கு அந்தப் பணத்தில் பல குடும்பங்களில் இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவு நடந்துவிடும். ஆனாலும் வாங்கினார்கள். காரணம், அதன் மேல் எழுதியிருந்த பெயர் நோக்கியா!

அந்தப் பெயரை நம்பியவர்களின் அனுபவம் என்ன? இன்றைக்கு செல்போன் வாங்கப் போகிறவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய கதை அது.

எல்லாம் உண்டு!

2008-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நோக்கியா கம்பெனி இந்தப் போனை அறிவித்தது. அப்போது உலகம் முழுவதும் விற்ற செல்போன்களில் 10-க்கு ஏறக்குறைய 4 நோக்கியாவுடையவை. ஆனால் ஒரு கவலை இருந்தது. 2007-ம் ஆண்டு வெளிவந்த ஐபோன், பொத்தானே இல்லாமல் கண்ணாடியைத் தொட்டு வேலை வாங்கும் வித்தையைக் காட்டி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது. அதற்கு நோக்கியா சொன்ன பதில்தான் என்-97.

"தொடவும் செய்யலாம், பொத்தானிலும் தட்டலாம்" என்பதே இதன் கவர்ச்சி. மூன்றரை அங்குலத் திரை. 5 மெகாபிக்சல் கேமரா. அதற்கு ஜெர்மனியின் புகழ்பெற்ற கார்ல் சைஸ் லென்ஸ். 32 ஜிகாபைட் சேமிப்பு இடம். போதாது என்றால் 16 ஜிகாபைட் மெமரி கார்டு வேறு போட்டுக் கொள்ளலாம். ஆக மொத்தம் 48! எப்.எம். ரேடியோ, வழிகாட்டும் வரைபடம், வைபை எல்லாம் உண்டு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதற்கு இணையாக ஒரு போனைச் சொல்வது கடினமாக இருந்தது.

அறிவித்து அரை ஆண்டு கழித்து, 2009-ம் ஆண்டு ஜூனில் கடைக்கு வந்தது. முதல் மூன்று மாதங்களில் 20 லட்சம் போன்கள் விற்றதாகக் கம்பெனி சொன்னது.

விரல் கண்ட சுகம்

வாங்கியவர்கள் எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கீபோர்டை மெச்சியவர்கள் அநேகம். கண்ணாடியில் எழுத்தைத் தட்டுவதை விரல்கள் இன்னும் நம்பாத காலம் அது. அழுத்தினால் அமுங்க வேண்டும். அமுங்கினால்தான் எழுத்து விழுந்தது என்று மனம் ஒப்பும். பஸ்சிலும் ரெயிலிலும் உட்கார்ந்து நீண்ட இ-மெயிலுக்கு இரண்டு கட்டை விரல்களால் பதில் அடித்தவர்களுக்கு அது பெரிய வசதி.

இதிலும் ஒரு கோணல் இருந்தது. இடைவெளி விடும் பொத்தான் நடுவில் இல்லாமல் வலது பக்கம் ஒதுங்கி இருந்தது. முதல் சில நாட்கள் வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொண்டு போகும். பிறகு விரல் பழகிவிடும்.

மேஜை மேல் வைத்தால் திரை சாய்ந்து நிற்பதால் படம் பார்க்கவும் தோதாக இருந்தது. பாட்டரியைக் கழற்றி மாற்றலாம். நீண்ட பயணம் போகிறவர்கள் இன்னொரு பாட்டரியைப் பையில் போட்டுக் கொண்டு கவலை இல்லாமல் போனார்கள்.

சமையலறை எங்கே?

தலைவலி தொடங்கியது சில வாரங்கள் கழித்துத்தான். "மெமரி நிறைந்துவிட்டது" என்று போன் சொல்ல ஆரம்பித்தது! வாங்கியவர்கள் திகைத்தார்கள். 32 ஜிகாபைட் இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறதே, எது நிறைந்தது?

விஷயம் இதுதான். ஒரு வீட்டுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்கும் பெரிய குடோன் இருக்கிறது. ஆனால் வீட்டின் சமையலறையிலோ இரண்டு பாத்திரம் வைத்தால் மூன்றாவதற்கு இடம் இல்லை. குடோன் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? அடுப்பு எரிய வேண்டியது சமையலறையில் அல்லவா?

என்-97 போனில் பாட்டும் படமும் போடும் "ஈ" டிரைவ்தான் குடோன். போன் தன் அன்றாட வேலைகளுக்கு நம்பியிருந்தது "சி" டிரைவை. அதில் வாங்கியவருக்கென்று மிஞ்சிய இடம் 100 மெகாபைட் கூட இல்லை. 32 ஜிகாபைட்டோடு ஒப்பிட்டால் இது 300-ல் ஒரு பங்குக்கும் குறைவு!

வந்த எஸ்.எம்.எஸ்., இ-மெயில், இன்டர்நெட்டில் பார்த்த பக்கங்களின் மிச்சம் மீதி எல்லாம் அந்தச் சிறிய இடத்தில்தான் போய் விழுந்தன. புதிய புரோகிராம் ஒன்றை "ஈ" டிரைவில் போடும்படி சொன்னாலும், அதன் சில துண்டுகள் "சி" டிரைவில்தான் குந்திக் கொள்ளும். அது நிரம்பியதும் மெயில் இறங்காது. புரோகிராம் ஏறாது.

அடுப்பு மேடையும் சிறிதுதான். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய உதவும் ராம் மெமரி 128 மெகாபைட். அதே 2009 ஜூன் மாதத்தில் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ் போனில் இது 256 மெகாபைட். ஆகவே என்-97 போனில் இன்டர்நெட் பார்த்துக் கொண்டே வரைபடத்தைத் திறந்தால், முன்னதை அதுவாகவே மூடிவிடும். பாதி படித்த பக்கம் போனது போனதுதான்.

கை வைத்தியம்

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். செய்திகள் விழும் இடத்தை "ஈ" டிரைவுக்கு மாற்றுவது ஒன்று. இன்டர்நெட் குப்பையை அடிக்கடி கூட்டித் தள்ளுவது இன்னொன்று.

எதற்கும் அடங்காவிட்டால் கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது: *#7370#. இந்த எண்ணைப் போட்டால் போன் பிறந்த குழந்தை போல் ஆகிவிடும். பெயர்கள், டெலிபோன் நம்பர்கள், செய்திகள் எல்லாம் போய்விடும்! முன்னதாகவே பிரதி எடுத்து வைத்து, பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். ரூ.30 ஆயிரம் கொடுத்து வாங்கிய போனுக்கு இந்தச் சேவகத்தைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் உண்டு.

மூடியே எதிரி!

கேமராவின் கதை இதைவிட வேடிக்கை. லென்சைப் பாதுகாக்க, நகரும் மூடி ஒன்று வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தூசி புகுந்தது. ஒவ்வொரு முறை மூடியைத் தள்ளும்போதும் அந்தத் தூசி கண்ணாடியை உரசியது. சில மாதங்களில் மெல்லிய கீறல்கள். பிறகு எடுத்த படமெல்லாம் பனி மூட்டத்தில் எடுத்தது போல் ஆயிற்று. பிளாஷ் போட்டால் இன்னும் மோசம்.

காவல் காக்க வைத்த மூடியே கண்ணைக் குத்தியது! சிலர் மூடியையே கழற்றி வைத்தார்கள். சிலர் பற்பசை போட்டுக் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்தார்கள்.

திரையும் ஐபோன் திரை போன்றது அல்ல. அதை விரல் வருடினால் போதும். இதை அழுத்த வேண்டும். நகத்தாலும் அழுத்தலாம், குச்சியாலும் அழுத்தலாம். அது ஒரு வகையில் வசதி. ஆனால் சில இடங்களில் ஒரு தட்டு போதும். சில இடங்களில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். பொத்தான் போன்களுக்காக எழுதிய சிம்பியன் என்ற புரோகிராமையே திரும்பத் தைத்துத் தொடுதிரைக்குப் போட்டதால் வந்த வினை இது.

தமிழ் படிக்க ஆசை

வெளி மாநிலத்தில் இருந்த தமிழர்களுக்கு இன்னொரு தவிப்பும் இருந்தது. ஊர்ச் செய்தியைப் போனிலேயே தமிழில் படிக்க வேண்டும் என்ற ஆசை. ஆனால் அன்றைய போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவே தெரியும்.

அதற்கு ஓப்பரா மினி என்ற புரோகிராம் கை கொடுத்தது. அதன் உள் அமைப்பில் ஒரு குறிப்பை மாற்றினால், எழுத்தைப் படமாக்கி அனுப்பும். கட்டங்கள் மறைந்து தமிழ் தெரியும். இந்த ரகசியம் நண்பரிடம் இருந்து நண்பருக்கு வாய்மொழியாகவே பரவியது. விலை உயர்ந்த போன் வைத்திருந்தவரும் சாதாரண போன் வைத்திருந்தவரும் தமிழ் படிக்க நாடியது இந்த ஒரே வழியைத்தான்.

தாமதமான மருந்து

2009-ம் ஆண்டு அக்டோபர் வாக்கில் கம்பெனி ஒரு மருந்து கொடுத்தது. போனின் உள் புரோகிராமைப் புதுப்பிக்கும் 20-ம் பதிப்பு அது. விரலால் தள்ளினால் பட்டியல் வழுக்கிக் கொண்டு ஓடும் வசதி அப்போதுதான் வந்தது. வேகமும் கூடியது. ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் வரவில்லை. *#0000# போட்டுப் பார்த்துப் பார்த்து விரல் தேய்ந்தவர்கள் பலர்.

அந்தச் சமயத்தில் என்-97 மினி என்ற தம்பியும் வந்தது. அதில் சேமிப்பு இடம் 8 ஜிகாபைட்தான். ஆனால் சமையலறை பெரிது! உரசும் மூடியும் இல்லை. விலையும் குறைவு. சில மாதங்களுக்கு முன் அதிக விலை கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்ததில் வியப்பு என்ன?

2010-ம் ஆண்டு ஜனவரியில் நோக்கியா, வழி சொல்லும் வரைபட வசதியை இலவசம் ஆக்கியது. முதல் பட்டியலில் 10 போன்கள். தம்பி மினியின் பெயர் அதில் இருந்தது. அண்ணனின் பெயர் இல்லை! பிறகுதான் அதற்கும் கிடைத்தது. ஆனால் கசப்பு தங்கிவிட்டது.

அதே ஆண்டில் கம்பெனியின் உயர் அதிகாரிகளில் ஒருவரான அன்சி வன்யோகி, இந்தப் போன் வாடிக்கையாளர்களுக்கு ஏமாற்றம் அளித்ததைப் பேட்டி ஒன்றில் ஒப்புக் கொண்டார். பெரிய கம்பெனிக்காரர்கள் இப்படி வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம். ஆனால் வாங்கியவருக்குப் பணம் திரும்பி வரவில்லையே!

இந்தப் போனை வாங்கியவர்கள் நோக்கியாவின் பரம விசிறிகள். கம்பெனியின் மிக உயர்ந்த போனை, அதன் பெயரை நம்பி, முழு விலை கொடுத்து வாங்கியவர்கள். அடுத்த போன் வாங்கும்போது அவர்களில் பலர் ஐபோன் பக்கமும் ஆண்ட்ராய்டு பக்கமும் திரும்பினார்கள். எதிரி விலகிப் போனால் நஷ்டம் இல்லை. விசிறி விலகிப் போனால்?

நெடுஞ்சாலை ஓரம்

பெங்களூரில் இருந்து சென்னைக்கு பஸ்சில் போகிறவர்கள் காஞ்சிபுரம் பகுதியைத் தாண்டியதும் ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கிறார்கள். 2006-ம் ஆண்டு முதல் நோக்கியா தொழிற்சாலை இயங்கியது அங்கேதான். நல்ல காலத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் கிராமத்துப் பெண்கள் ஏராளம். என்-97 போன்ற விலை உயர்ந்த போன் அல்ல, சாமானியர் வாங்கும் போன்களே அங்கே முக்கியமாகத் தயாராயின.

2011-ம் ஆண்டு நோக்கியா சிம்பியனைக் கைவிட முடிவு செய்து மைக்ரோசாப்ட் கம்பெனியோடு கை கோத்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரலில் அதன் செல்போன் தொழில் மைக்ரோசாப்ட் வசம் போயிற்று. வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அங்கே உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு போனால் ஒரு கம்பெனி கவிழ்ந்தது என்று சொன்னால் அது மிகை. காரணங்கள் பல. ஆனால் எங்கோ ஓர் அலுவலகத்தில் "இவ்வளவு இடம் போதும்" என்று கணக்குப் போட்டதும் அந்தக் காரணங்களில் ஒன்று. அந்தக் கணக்கில் கை வைக்காத தொழிலாளர்களும் விலை கொடுத்தார்கள்.

கடையில் கேட்க வேண்டியது

2017-ம் ஆண்டு ஜூன் மாதத்தோடு வாட்ஸ்அப்பும் இத்தகைய சிம்பியன் போன்களுக்கு விடை கொடுத்துவிட்டது. என்றாலும் என்-97 போனைத் தூக்கிப் போட மனம் வராமல் மேஜை டிராயரில் வைத்திருப்பவர்கள் உண்டு. சார்ஜ் ஏற்றினால் சிலவற்றில் இன்னும் விளக்கு எரியும். தள்ளினால் அதே "டக்"!

இன்றைக்குக் கடையில் 128 என்றும் 256 என்றும் பெரிய எண்களைச் சொல்லி விற்கிறார்கள். அதைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அதில் எனக்கு மிஞ்சுவது எவ்வளவு?"

குடோனைப் பார்த்து வீடு வாங்கினால் சமையலுக்கு எங்கே போவது?