மண்ணைக் கேட்கும் கார்

சேத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். காரோடு கொடுத்த சார்ஜர் பெட்டியை வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறதாம், சார்ஜ் ஏறவில்லையாம். "அதே பிளக்கில் கிரைண்டர் ஓடுது, தண்ணி மோட்டார் ஓடுது. இதுக்கு மட்டும் என்ன வந்தது? பேசாமல் தோப்பு மோட்டார் ரூமில் போட்டுப் பார்க்கவா?" என்று கேட்கிறார்.

தோப்புக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கூடாது. விவசாய சர்வீஸில் வரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும்தான். வேறு எதற்கு எடுத்தாலும் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இரண்டு மடங்கு கட்டணம் போட்டுத் தீட்டிவிடுவார்கள். அதை விடுங்கள், தென்னைக்குக் கொடுத்த கரண்டைக் காருக்கு ஊற்றுவது நமக்கே அழகா?

வெளியே போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நெடுஞ்சாலைகளில் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி பார்த்தால் ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் நடுவிலேயே ஒன்றிரண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் பெட்ரோல் பங்க் போல நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்ற தைரியம் நம் பக்கத்துச் சாலைகளில் யாருக்கும் இன்னும் வரவில்லை. சின்ன ஊர்க்காரருக்கு வீட்டுச் சுவர்தான் பங்க். அதனால்தான் இந்தச் சிவப்பு விளக்கு முக்கியமாகிறது.

சார்ஜர் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே அல்ல. பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மின்சாரத்தை மாற்றும் வேலையைச் செய்யும் சார்ஜர் காருக்குள்ளே இருக்கிறது. பெட்டி ஒரு புத்திசாலி ஸ்விட்ச், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த சங்கதியே இந்தப் பெட்டிதான்.

எங்கள் ஆச்சி வீட்டுக்குள் யாரும் நேரே நுழைந்துவிட முடியாது. திண்ணையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து "யாரு, வா" என்று பதில் வந்தபிறகுதான் நடையைத் தாண்டலாம். பெட்டியும் இதைத்தான் செய்கிறது. கேபிளுக்குள் ஒல்லியாக ஒரு சைகைக் கம்பி ஓடுகிறது. அதில் பெட்டி முதலில் 12 வோல்ட்டை மட்டும் வைத்துக் காத்திருக்கும். காரில் மாட்டியதும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். உடனே பெட்டி விநாடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. அந்தச் சதவீதத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஆம்பியர். 25 சதவீதம் என்றால், "இந்த வீட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்காதே" என்று காருக்கு உத்தரவு. கார் தயாரானதும் வோல்ட்டை 6-க்கு இறக்கும். அப்போதுதான் பெட்டிக்குள் 'டக்'கென்று ரிலே விழுந்து 230 வோல்ட் கேபிளுக்குள் வரும். அதுவரை காரில் சொருகும் அந்த முனையில் மெயின் கரண்ட் கிடையாது.

இந்தப் பேச்சுக்கு முன்னால் பெட்டி சுவர்ப் பக்கமும் ஒரு பரிசோதனை செய்யும். மூன்று துளையில் மேலே பெரிதாக இருக்கிறதே, அதன் பின்னால் நிஜமாகவே எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு. கிரைண்டருக்கு பேஸும் நியூட்ரலும் போதும், ஓடிவிடும். எர்த்தைப் பற்றி அது கேட்பதில்லை. நம் வாசகர் வீட்டுக் கதையும் அநேகமாக இதுதான்.

கார் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? நான்கு ரப்பர் டயர் மேல் நிற்கும் பெரிய இரும்பு அது. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து பாடிக்கு வந்தால், எர்த் இருந்தால் அந்த வழியாக மண்ணுக்குப் போகும். பெட்டி கண்டுபிடித்துத் துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டால், மழை ஈரத்தில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிறவரே எர்த். பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதும் இதற்காகத்தான். முதலில் தொட வேண்டும், கடைசியில் விட வேண்டும்.

இதை நாம் நடத்தும் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பழைய வீட்டில் பிளக் பாயின்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சை ஒயரை வெட்டி, மடக்கி, டேப் சுற்றி ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுகிறவர்கள் உண்டு. ஒயரைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் முட்டுக்கொடுக்கிறவர்கள் இன்னும் உண்டு. வாசலில் எர்த் குழி என்று ஒன்று இருந்தாலும், வீடு கட்டிய வருஷம் கரியும் உப்பும் போட்டு மூடியதோடு சரி. ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் கரி, அந்த ஈரத்தில் கரண்ட் ஓடத்தான் உப்பு. வருஷாவருஷம் பெய்யும் மழையில் உப்பு கரைந்து போகும், பைப் துருவேறும். மலையடிவாரத்துச் சரளை மண்ணில் கோடையில் ஈரமும் நிற்காது. கரிசல் பூமிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். குழிக்கு மேல் சிமென்ட் போட்டு மெழுகிவிட்டு, தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் செய்பவர்களை என்ன சொல்ல!

இதைவிட மோசமான வைத்தியம் ஒன்று பரவியிருக்கிறது. பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. பெட்டி ஏமாந்து பச்சை விளக்கு காட்டும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ, பாயின்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ கார் பாடி முழுக்க 230 வோல்ட். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பாயின்டையும் கொஞ்சம் கவனியுங்கள். டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020-இல் வந்தபோது அதன் பேட்டரி 30.2 யூனிட். 15 ஆம்பியர் பாயின்டில் அது நிறைய எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் கிரைண்டரைத் தாங்குகிற மலிவு விலை பாயின்ட் ராத்திரி முழுக்கத் தாங்காது, உருகும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, நல்ல பாயின்டாகப் போடச் சொல்லுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எரியவிட்டு, பிறகு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவிடுவார்கள். வெளிச்சம் ஒரே மாதிரி இருந்தால் நல்ல எர்த். மங்கினால் குழியைத் தோண்ட வேண்டியதுதான். வீட்டில் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் பல்பு எரியாமலே டிரிப் ஆகிவிடும். ஒயர் எங்கோ மண்ணைத் தொடுகிறது என்று மட்டும் அதிலிருந்து தெரியும். அப்போது எர்த் மீட்டர் வைத்திருக்கும் ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்பார், பேரம் பேசாமல் கொடுங்கள்.