எண்ணெயில் வராத மினுமினுப்பு

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கால்நடைச் சந்தை கூடும். அங்கே குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளப்பைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். கழுத்தில் முடியின் எதிர்ப்போக்கில் உள்ளங்கையால் தடவுங்கள். கை பிசுபிசுத்தால் அது பூசிய எண்ணெய். முடி வழுக்கிக்கொண்டு உடனே படிந்தால், அந்தக் குதிரை பல மாதங்களாக நன்றாகத் தின்று வளர்ந்திருக்கிறது.

பளபளப்பு எப்படி உண்டாகிறது?

ஒவ்வொரு முடியின் வேரருகிலும் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதில் ஊறும் கொழுப்பு முடி நெடுகப் பரவும்போது முடி வழவழப்பாகப் படிந்து வெளிச்சத்தில் மின்னுகிறது. முடியோ ஏறத்தாழ முழுவதும் புரதம். புரதம் குறைந்தால் சொரசொரத்துச் சிலிர்த்து நிற்கும். துர்க்மேனிஸ்தானின் அகால்-தெக்கே குதிரைகள் உலோகம்போல் மின்னுவது முடியின் அமைப்பால் வந்த பிறவிக்கொடை. மற்றக் குதிரைகளுக்குத் தீவனமும் வளர்ப்பவரின் கையும்தான்.

கொள்ளு மட்டும் போதாது

நம் ஊரில் குதிரைக்கு என்றாலே கொள்ளுதான். 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் உள்ள பயறு அது. ஊறவைத்து வேகவைத்துத் தரும் பழக்கமும் சரியானதே. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் வேகும்போது குறைகிறது. ஆனால் குதிரையின் குடல் புல்லுக்காக அமைந்தது. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்ந்த புல்லாக வேண்டும். 300 கிலோ மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது பல மடங்கு தேவைப்படும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், முடியை வளர்க்காது. தன் பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரைமசால் புரதம் நிறைந்த தீவனம். இயன்ற அளவு புல்லோடு கலந்து கொடுங்கள்.

தவிட்டில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அதில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் குதிரை மினுங்கும், உண்மைதான். ஆனால் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் தவிடே முக்கியத் தீவனமானால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். அதைவிட அரைத்த ஆளி விதை நல்லது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே எண்ணெய்ச் சத்து எதுவானாலும் கொஞ்சமாகத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கருங்குதிரை செம்பட்டையடித்தால் வெயில் காரணமாக இருக்கலாம். செம்பும் துத்தநாகமும் குறைந்தாலும் அப்படி ஆகும். அதற்காக மாட்டுக்கோ கோழிக்கோ விற்கும் கலப்புத் தீவனத்தை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கக்கூடும். குதிரைக்கு அது சிறிதளவு போனாலே இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

தேய்ப்பதும் கழுவுவதும்

சுரக்கும் எண்ணெயை முடியின் நுனிவரை கொண்டுசேர்ப்பது பிரஷ்தான். ரப்பர் சீப்பை வட்டமாகச் சுழற்றி அழுக்கைக் கிளப்புங்கள். முகத்திலும் எலும்பு துருத்தும் கால்களிலும் அது வேண்டாம். பிறகு முரட்டு பிரஷ், அதன்பின் மென்மையான பிரஷ், கடைசியில் துணி. தினமும் இருபது நிமிடம் இப்படிச் செய்தால் உண்ணியும் சேணம் உரசிய புண்ணும் தொடக்கத்திலேயே கையில் தட்டுப்படும்.

மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் மேல் வியர்வை உப்பும் மணலும் சேர்ந்து படியும். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, நீரை வழித்துவிட்டால் போதும். நாம் தலைக்குப் போடும் ஷாம்பு மனிதத் தோலின் அமிலத் தன்மைக்கு ஏற்றது. குதிரையின் தோல் நடுநிலையை ஒட்டியது. அடிக்கடி நுரை போட்டுக் குளிப்பாட்டினால் இயற்கை எண்ணெயும் கூடவே போய்விடும். தேங்காயெண்ணெய் தடவினால் சற்று நேரம் மின்னும், பிறகு மணல் அப்பிக்கொள்ளும்.

முடி மங்கினால்

நன்றாகத் தின்றும் முடி மங்கி, வயிறு மட்டும் பெருத்திருந்தால் குடற்புழுவைச் சந்தேகியுங்கள். சாணத்தைப் பரிசோதித்த பிறகே மருந்து கொடுங்கள். கண்டபடி கொடுத்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இளைப்பு, கால் வீக்கம் சேர்ந்தால் கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசரம். வட்டவட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை. அது மற்றக் குதிரைகளுக்கும் மனிதருக்கும் ஒட்டும் என்பதால் ஒரு குதிரையின் பிரஷை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. மழைக்காலத்தில் நனைந்த முதுகில் முடியோடு கொத்தாகப் பெயரும் பொருக்கு பாக்டீரியாவின் வேலை. முதுகு உலர்ந்திருந்தால் அது வராது.

வியர்க்காத குதிரை

நம் கடலோரப் புழுக்கத்தில் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது இதுதான். கடுமையாக வேலை செய்யும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்க்கக்கூடியது. சில குதிரைகளுக்கு வெப்பமும் ஈரப்பதமும் தொடர்ந்து தாக்கும்போது வியர்ப்பதே குறைந்து நின்றுவிடுகிறது. முகத்தில் முடி உதிரும், உடம்பு வறண்டு பொலிவிழக்கும். சோம்பேறிக் குதிரை என்று அதை அடிக்கிறார்கள். உண்மையில் அது உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. வெயிலில் ஓடி வந்த குதிரை வியர்வையே இல்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். கால்நடை மருத்துவர் வரும்வரை உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். அன்றைக்கு அதன் மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.