பேக்கப் போகவில்லை, பிழையும் சொல்லவில்லை!

வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு ஃபைல்களை ஜிப் செய்து, தினமும் இரவில் நான் வாடகைக்கு எடுத்துள்ள சர்வருக்கு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. சர்வரில் பார்த்தால், கடைசி பேக்கப் மூன்று வாரத்துக்கு முந்தையது! ஜிப் ஃபைல் 1 எம்.பி.யைத் தாண்டிய நாளிலிருந்து எதுவும் போய்ச் சேரவில்லை.

நாம் எதையும் மாற்றாவிட்டால், என்ஜின்எக்ஸ் 1 எம்.பி.க்கு மேற்பட்ட அப்லோடை 413 என்ற பிழை எண்ணுடன் திருப்பிவிடும். அதன் கான்ஃபிகரேஷன் ஃபைலில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற அளவை 20 எம்.பி. ஆக்கி, ரீலோட் செய்தேன். அத்துடன் வேலை முடியவில்லை. ஃபைலை வாங்கி வைக்கும் பிஎச்பிக்கும் தனி எல்லை உண்டு: ஒரு ஃபைலுக்கு 2 எம்.பி., மொத்த போஸ்டுக்கு 8 எம்.பி. பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில் இரண்டையும் உயர்த்துங்கள். போஸ்ட் அளவு சற்றே பெரிதாக இருக்கட்டும். பிறகு பிஎச்பியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சரி, சர்வர் திருப்பி அனுப்பியும் ஸ்கிரிப்ட் ஏன் வாய் திறக்கவில்லை? அதுதான் எனக்கு எரிச்சல். ஃபைலை அனுப்பும் கர்ல் புரோகிராம், 413 வந்தாலும் 0 என்றே முடியும். 0 என்றால் வெற்றி! கட்டளையில் இரண்டு மைனஸ் குறியுடன் 'ஃபெயில்' என்று சேர்த்தால், 22 என்ற பிழை எண் கிடைக்கும். இப்போது 0 தவிர வேறு எது வந்தாலும் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன்.