தர்மபுரி வெயில் வேறு, துபாய் வெயில் வேறு

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது தர்மபுரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. மழை பொய்த்த ஆண்டுகளில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போய், திருவிழாவுக்குத் திரும்புவது வழக்கம்தான். கடல் கடந்து போவதில்தான் இந்த மாவட்டத்துக்கு அனுபவம் குறைவு. ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ புறப்படும் இளைஞனுக்குப் புத்தி சொல்ல, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து திரும்பிய பெரியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று 2015ஆம் ஆண்டின் புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகுதியானோர் சிங்கப்பூரிலும், ஐக்கிய அரபு அமீரகத்திலும், சவுதி அரேபியாவிலும் இருக்கிறார்கள். தர்மபுரியிலிருந்து அங்கே போகிறவர் பெரும்பாலும் தம் வீட்டிலிருந்து போகும் முதல் ஆளாக இருக்கிறார்.

அப்படிப் போகிறவரை முதலில் சோதிப்பது வெயில். பெங்களூரு தர்மபுரியைவிட ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே போனவர்களின் உடம்பு குளிர்ச்சியைத்தான் கண்டது. வளைகுடா அப்படியல்ல. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. "எங்கள் ஊரில் பார்க்காத வெயிலா" என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தர்மபுரியின் சித்திரை வெயில் வறண்ட வெயில். வியர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர வைக்கும். துபாயும் தோகாவும் கடலோர நகரங்கள். ஆகஸ்டில் அங்கே காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை காயாமல் சட்டையை நனைத்துக்கொண்டு வழியும். வியர்த்தும் உடம்பு குளிராது. இரவிலும் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். அதற்குத் தேவை ஏழு முதல் பதினான்கு நாட்கள். இந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கிறது. வெயிலில் வேலை செய்தால்தான் இந்த மாற்றம் வரும். தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் வராது. இரவில் ஏசி அறையில் தூங்குவதால் அது கெட்டுவிடுவதும் இல்லை. ஆகவே புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. வெயிலில் உழைக்கும்போது தாகத்துக்குக் காத்திருக்காமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, சதைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டும். கூட வேலை செய்கிறவர் பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கு ஆபத்து. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும்.

அரசுகளும் விதிகள் வைத்திருக்கின்றன. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கே வேலை நின்று மாலை 3.30க்குத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் வளைகுடாவைப் போன்ற கொடும் வெயில் கிடையாது. ஆண்டு முழுக்க 24 முதல் 33 டிகிரிக்குள்தான். தர்மபுரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை என்றால் அங்கே 2,100 மில்லிமீட்டருக்கு மேல். வருடம் பூராவும் புழுக்கம். அதனால் புதிய தொழிலாளர்களைக் குறைந்தது ஏழு நாட்களாவது படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்று அந்நாட்டு மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது.

விதி இருந்தும் ஆட்கள் ஏன் விழுகிறார்கள்? கடன் ஒரு பெரிய காரணம். இந்திய விதிப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். நடப்பில் அதைப்போலப் பல மடங்கு கொடுத்து, நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி ஓடுகிறது என்ற நினைப்பில் இறங்கிய வாரமே ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். உடம்பு பழகாத அந்த முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது. புறப்படும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வளைகுடா போய்ச் சேர்வது நல்லது. கோடை மெல்ல ஏற ஏற உடம்பும் கூடவே பழகிவிடும்.

வெயிலுக்கு அடுத்தது சாப்பாடு. ராகிக் களியும் கீரைக் குழம்பும் தின்று வளர்ந்தவருக்குக் கேம்பில் கிடைப்பது குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் வெள்ளைச் சோறும். ராகி மாவு சிங்கப்பூர் தேக்காவிலும் துபாயின் இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. கிண்டும் வசதி உள்ள இடத்தில் வாரம் இரண்டு நாள் களி கிண்டுவது வயிற்றுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கும் பையை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். கறிக்குழம்புக்கு அரைத்த மசாலாத்தூளில் கசகசா சேர்ந்திருக்கும். கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் வழக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அப்படித்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையையும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பழக்கவழக்கத்தில் ஊரில் குற்றமாகத் தோன்றாதவை அங்கே குற்றம். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிட்டாலோ தண்ணீர் குடித்தாலோ குவைத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் சிறையும் உண்டு. அறிமுகமில்லாத பெண்ணைப் போட்டோ எடுப்பதும், வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி எழுதுவதும் அமீரகத்தில் வழக்காகும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தீபாவளிக்கு அரசு விடுமுறை; அதை நம்பி ஊர் மாதிரியே இருந்துவிட முடியாது. இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் மது குடிப்பது அங்கே குற்றம். தமிழர்கள் கூடும் லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு பகலிலும் அந்தத் தடை உண்டு.

மொழியில் தர்மபுரிக்காரருக்கு ஒரு பலம் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் பலர். இன்னொரு மொழியைக் கேட்டுப் பிடிக்கக் கூச்சப்பட மாட்டார்கள். வளைகுடா வேலைத்தளங்களில் பெரும்பாலும் ஓடுவது இந்தி, சில இடங்களில் மலையாளம். போகும் முன்பே எண்கள், திசைகள், "எனக்கு உடம்பு சரியில்லை", "எனக்குப் புரியவில்லை" ஆகியவற்றை இந்தியில் சொல்லத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும் படிப்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே குறைவு, என்ற நிலையில் இருந்த மாவட்டம் இது. அதனால் காகிதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட் இந்தப் பாதுகாப்பையும், கூடவே வரும் 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டையும் பறிக்கிறார். புறப்படும் முன் தரப்படும் பயிற்சி வகுப்பைத் தவறவிடக் கூடாது. மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் வேலை வாய்ப்பைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம். ஒரு மாதம் ஊரில் இருந்தால் வெயிலுக்குப் பழகிய பழக்கம் பெரும்பாலும் போய்விடும். பத்து வருட அனுபவம் உள்ளவரும் திரும்பிப் போனதும் முதல் நாள் பாதி வேலையில் தொடங்கி, நாலாவது நாள்தான் முழு வேலைக்குப் போக வேண்டும்.